ஞாயிறு அழைப்பா, வீதி முறையா, வேலைக் குழுவா: சந்தைப்பேட்டையைச் சீரமைக்க ஆள் சேர்க்கும் வழிகள்

கொங்குப் பக்கத்துப் பேரூராட்சிகளில் ஊருக்கு நடுவே பழைய சந்தைப்பேட்டை ஒன்று கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். வாரத்தில் ஒரு நாள் காய்கறியும் கருவாடும் விற்கும். மற்ற நாட்களில் லாரிகள் நிற்கும், குப்பை சேரும், இருட்டினால் பாட்டில் உடையும். ஓடு சரிந்த கொட்டகை, பாழடைந்த கிணறு, மூலையில் மண்டிக்கிடக்கும் சீமைக்கருவேல், எப்போதோ யாரோ வைத்த இரண்டு வேம்பு. இரண்டு ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம். அதை ஊர்க்காரர்களே முன்னின்று வியாபார மேடை, நிழல் மரங்கள், கழிப்பிடம், பிள்ளைகள் விளையாட ஓர் ஓரம் என்று மாற்றி எடுக்க நினைத்தால், முதல் கூட்டத்திலேயே பேச்சு பணத்தின் பக்கம் போய்விடும். பணம் எப்படியாவது வந்துவிடும் என்பது என் எண்ணம். கோயில் கும்பாபிஷேகத்துக்கு வசூல் செய்து பழகிய ஊர்கள் இவை. ஆட்களை எந்த முறையில் சேர்ப்பது என்பதை அந்தக் கூட்டத்தில் பேசாமல் விடுவதுதான் பின்னால் கழுத்தைப் பிடிக்கும்.

வழிகள் பல உண்டு. ஞாயிறுதோறும் எல்லோரையும் அழைக்கலாம். வீதிக்கு இத்தனை பேர் என்று பிரித்துக்கொடுக்கலாம். ஏற்கனவே இருக்கும் சங்கத்திடமோ அறக்கட்டளையிடமோ ஒப்படைக்கலாம். கல்லூரி மாணவர்களை இறக்கலாம். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சிறு குழு அமைத்து அந்த வேலையை அவர்கள் தலையில் வைக்கலாம். என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன்: கடைசியாகச் சொன்ன வேலைக் குழுதான். மற்றவற்றுக்கும் ஓரிடம் உண்டு. ஆனால் அவற்றில் எதையும் அடித்தளமாக வைத்துக்கொண்டு இறங்கக் கூடாது. ஏன் என்பதைச் சொல்வதற்குமுன் இரண்டு விஷயங்களைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

இடம் யாருடையது, வேலை என்னென்ன

சந்தைப்பேட்டை அரசுப் பதிவேட்டில் என்னவென்று இருக்கிறது என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அ பதிவேட்டில் பாருங்கள். பேரூராட்சிக்கு உரிய இடமென்றால் மன்றத் தீர்மானம் இல்லாமல் ஒரு கல்லைக்கூட நகர்த்த வேண்டாம். செயல் அலுவலர் வாயால் சொன்ன சம்மதம் அவர் மாற்றலாகும் நாள் வரைதான் செல்லும். சந்தைச் சுங்கத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் ஒருவர் இருப்பார்; அவரையும் கடைக்காரர்களையும் முதலிலேயே உட்கார வைத்துப் பேசுங்கள். தங்கள் கடையைப் பிடுங்கத்தான் இந்தக் கூட்டம் சேர்கிறது என்று அவர்கள் ஒருமுறை நினைத்துவிட்டால், எத்தனை தன்னார்வலர்கள் வந்தாலும் பயனில்லை.

அடுத்தது வேலையைப் பிரிப்பது. ஒரே தடவை செய்து முடிக்கும் கனமான வேலைகள் இருக்கின்றன: முள் அகற்றுவது, இடிபாடு வாருவது, மண் சமன்செய்வது. ஆண்டுக்கு நாலைந்து தடவை வரும் வேலைகள் இருக்கின்றன: நடுவது, வண்ணம் பூசுவது, மழைக்குமுன் வடிகாலைத் தோண்டுவது. நாள்தோறும் அல்லது வாரந்தோறும் வரும் வேலைகள் வேறு: தண்ணீர் ஊற்றுவது, கழிப்பிடத்தைத் திறந்து பூட்டுவது, மண்வெட்டி கடப்பாரைகளை எண்ணி வைப்பது, லாரிக்காரரிடம் போய் வண்டியை எடுக்கச் சொல்வது, பேரூராட்சி அலுவலகத்தில் கோப்பு எந்த மேசையில் நிற்கிறது என்று கேட்டு வருவது.

தன்னார்வலர்கள் என்றவுடன் எல்லோர் மனமும் முதல்வகை வேலைக்குத்தான் போகிறது. படம் எடுக்க நன்றாக இருக்கும். உண்மையில் அது ஜேசிபி வேலை. ஐம்பது பேர் அரிவாளோடு ஒரு காலை முழுக்க வெட்டினாலும் சீமைக்கருவேலின் வேர் மண்ணுக்குள்ளேயே இருக்கும்; அடுத்த மழையில் துளிர்த்துவிடும். புதரில் கண்ணாடிவிரியன் இருக்கும். பார்த்தீனியம் பட்டால் சிலருக்கு உடம்பெல்லாம் தடித்துவிடும். அந்த இடத்தில் செருப்புக் காலோடு பிள்ளைகளை இறக்கிவிட்டு அதற்குச் சேவை என்று பெயர் வைப்பது எனக்கு ஒப்புதலில்லை. இயந்திரத்தை வாடகைக்கு எடுங்கள்; அன்று நான்கு பேர் நின்று எதை இடிக்கலாம், எதைத் தொடக் கூடாது என்று காட்டினால் போதும்.

காயம் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். வங்கிக் கணக்கு வைத்திருக்கும் 18 முதல் 70 வயது வரையானவர்கள் ஆண்டுக்கு 20 ரூபாய் செலுத்திப் பிரதமரின் விபத்துக் காப்பீட்டில் சேரலாம். விபத்தில் இறந்தாலோ முழு ஊனம் ஏற்பட்டாலோ 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். கையைக் கிழித்துக்கொண்டவருக்குத் தையல் போட அது உதவாது. அதற்கென்று ஒரு தொகையைத் தனியே வைத்திருக்க வேண்டும்.

ஆக, எந்த முறையையும் அந்த மூன்றாவது வகை வேலையை வைத்துத்தான் எடைபோட வேண்டும். முதலிரண்டும் எந்த முறையிலும் எப்படியாவது நடந்துவிடும்.

ஞாயிறு அழைப்பு

வாட்ஸ்அப்பில் செய்தி போட்டு, ஞாயிறு காலை ஆறு மணிக்கு வாருங்கள், தேநீர் உண்டு என்று அழைப்பது. செலவில்லை, நிர்வாகமில்லை, யாரும் வரலாம். ஊரில் ஒரு பேச்சைக் கிளப்ப இதைவிட நல்ல வழியில்லை. 2013 கோடையில் உக்கடம் பெரியகுளத்தைத் தூர்வார மாநகராட்சியும் சிறுதுளி அமைப்பும் பொதுமக்களை அழைத்தபோது கோவை திரண்டு வந்ததைப் பலர் இன்னும் நினைவு வைத்திருக்கிறார்கள். அந்தக் குளம் நம்முடையது என்ற எண்ணம் நகரத்தில் பரவியதற்கு அப்படிப்பட்ட நாட்களும் ஒரு காரணம்.

கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பினர் ஞாயிறு களப்பணியை ஒரு வழக்கமாகவே நிலைநிறுத்தியவர்கள்; வெள்ளலூர் குளக்கரையில் அடர்வனம் வளர்ந்து நிற்கிறது. அதைக் காட்டி, ஞாயிறு முறை வெல்லும் என்பார்கள். வெளியில் தெரிவது ஞாயிறு. கரையில் நட்ட கன்று திங்கள் முதல் சனி வரையிலும் தண்ணீர் கேட்கும். அதைக் கவனிக்க ஆட்கள் இல்லாமல் அடர்வனம் வளராது.

நம் ஊர்களின் வேலை நேரத்தையும் பாருங்கள். பனியன் கம்பெனியில் சனிக்கிழமை இரவு சம்பளம் வாங்கி வருகிறவருக்கு ஞாயிறு ஒரு நாள்தான் துணி துவைக்க, முடி வெட்ட, கறி எடுக்க, பிள்ளைகளோடு உட்கார. விசைத்தறியில் இரவு ஷிப்ட் முடித்து விடியலில் படுத்தவரை ஆறு மணிக்கு மண்வெட்டியோடு எதிர்பார்க்க முடியாது. முகூர்த்த மாதங்களில் பாதிப் பேர் மண்டபத்தில் இருப்பார்கள். ஆக ஞாயிறு முறையில் கடைசிவரை நிற்பவர்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், நடைப்பயிற்சிக்காரர்கள், சொந்தத் தொழில் செய்பவர்கள். நல்லவர்கள்தான். ஆனால் சந்தையை அதிகம் பயன்படுத்துகிறவர்கள் அவர்களல்லர்.

இன்னொரு குறை, வருகிற எண்ணிக்கை முன்கூட்டியே தெரியாது. எண்பது பேர் வந்த நாளில் பன்னிரண்டு மண்வெட்டிதான் இருக்கும். மீதிப் பேர் தேநீர் குடித்துவிட்டுத் திரும்புவார்கள். அவர்கள் அடுத்த வாரம் வர மாட்டார்கள். அடுத்த வாரம் எண்பது மண்வெட்டி வாங்கி வைத்திருப்பீர்கள்.

வீதி முறை

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது. ஏனென்றால் கொங்கு நாட்டில் எந்தப் பொது வேலையைத் தொடங்கினாலும் பெரியவர்கள் முதலில் சொல்வது இதைத்தான். மாரியம்மன் நோம்பித் திருவிழாவை நடத்தவில்லையா? தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு, இவ்வளவு வரி என்று போடுகிறோம். வீதிக்கு ஒருவர் வசூலிக்கிறார். பூச்சாட்டு, கம்பம் நடுவது, மாவிளக்கு, மஞ்சள் நீர் என்று எல்லாம் அதனதன் நாளில் நடந்துவிடுகிறது. யார் எதைச் செய்ய வேண்டும் என்று யாரும் எழுதி வைப்பதில்லை. அதே ஏற்பாட்டைச் சந்தைப்பேட்டைக்கும் வைத்தால் என்ன?

இதன் பலம் பெரிது. வீதிக்குள் ஒருவர் வந்து, 'மாமா, நாளைக்கு ஒரு மணி நேரம் வந்துவிட்டுப் போங்கள்' என்று கூப்பிட்டால் மறுப்பது கடினம். வாட்ஸ்அப் செய்தியை மறுக்க விரலை அசைக்கக்கூட வேண்டாம். வராதவர் யார் என்பது வீதிக்குத் தெரியும். அந்தக் கூச்சம் ஒரு பெரிய சக்தி. ஆள் கணக்கும் ஓரளவு நிச்சயம்: பத்து வீதி, வீதிக்கு நால்வர் என்றால் நாற்பது பேர்.

பழைய குடிமராமத்தை இதற்கு முன்னோடியாகக் காட்டுவார்கள். ஏரி வாய்க்கால் வேலைக்கு வீட்டுக்கு ஒருவர் வந்த காலம் பொற்காலம் என்ற பேச்சு எனக்கு எப்போதும் சற்று அதிகமாகப் படும். 1858இல் சென்னை மாகாணத்தில் அதற்கென்று கொண்டுவந்த சட்டத்தின் பெயரே கட்டாய உழைப்புச் சட்டம். வராதவர் தன் வேலையின் மதிப்பைப்போல இருமடங்கு கட்ட வேண்டும். விருப்பப்பட்டு மட்டுமே எல்லோரும் வந்திருந்தால் அந்தச் சட்டத்துக்குத் தேவையே இருந்திருக்காது. 2017இல் தமிழக அரசு குடிமராமத்துத் திட்டத்தை மீண்டும் கொண்டுவந்தபோது, பாசன விவசாயிகளின் சங்கங்கள் மதிப்பீட்டில் பத்தில் ஒரு பங்கைத் தங்கள் பங்களிப்பாகக் கொடுக்க வேண்டும் என்று வைத்தார்கள். தண்ணீர் யாருடைய வயலுக்குப் போகும் என்பது அங்கே தெளிவு. சந்தைப்பேட்டையில் அந்தத் தெளிவு கிடையாது.

வீதி முறையின் உண்மையான கேடு வேறு. நம் ஊர்களில் எந்த வீதியில் எந்தச் சாதி என்பது சிறுபிள்ளைக்கும் தெரியும். வீதி வாரியாக ஆள் பிரித்தால் சாதி வாரியாகப் பிரித்ததாகவே முடியும். பிறகு என்ன நடக்கும் என்பதையும் ஊகிக்க வேண்டியதில்லை. யாரும் உத்தரவு போடாமலேயே அருந்ததியர் குடியிருப்பிலிருந்து வந்தவர்கள் கையில் துடைப்பமும் சாக்கடை வாரும் வேலையும் போய்ச் சேரும். கணக்குப் புத்தகம் வேறொரு வீதிக்குப் போகும். மேடையில் பேசுபவர் இன்னொரு வீதி. தேநீர் யார் போடுவது, எந்தக் குவளையில் யாருக்கு என்பது வரை அது நீளும். ஊர்ப் பொது இடத்தை மீட்கிறோம் என்று கிளம்பி, பழைய வரிசையையே புதிதாகப் பூசி வைப்பதற்கு இது நேர்வழி. அப்படி ஓர் எண்ணம் எங்களுக்கு இல்லை என்று எல்லோரும் மனதாரச் சொல்வார்கள். எண்ணம் தேவையில்லை, ஏற்பாடே அதைச் செய்துவிடும்.

வீதிக் கணக்கில் அடங்காதவர்களும் இருக்கிறார்கள். தேனியிலிருந்தும் மதுரையிலிருந்தும் வந்து வாடகைக்கு இருக்கும் குடும்பங்களுக்கு நோம்பியில் தலைக்கட்டு கிடையாது. லைன் வீட்டில் தங்கியிருக்கும் ஒடிசா, பீகார் இளைஞர்களை வீதியின் ஆட்களாக யாரும் எண்ணுவதில்லை. ஞாயிறு மாலை சந்தையில் தக்காளியும் உருளைக்கிழங்கும் வாங்குவதில் பாதிக் கூட்டம் அவர்கள்.

ஆகவே வீதியைச் செய்தி சொல்வதற்கும் ஆளை வீட்டிலிருந்து கிளப்புவதற்கும் பயன்படுத்துங்கள். வந்த ஆளுக்கு எந்த வேலை என்பதை வீதி தீர்மானிக்கக் கூடாது.

அமைப்பிடம் ஒப்படைப்பது, மாணவர்களை அழைப்பது

அரிமா சங்கம், ரோட்டரி, ஏதாவது ஓர் அறக்கட்டளை ஆகியோரிடம் பொறுப்பைக் கொடுத்துவிடுவது மூன்றாவது வழி. கணக்கு வழக்கு தெரிந்தவர்கள். மாவட்ட அலுவலகங்களில் கதவைத் தட்டத் தெரிந்தவர்கள். பெரிய ஆலை உள்ள ஊரென்றால் நிறுவனச் சமூகப் பொறுப்பு நிதியும் அவர்கள் வழியாக வரும். 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 135ஆவது பிரிவுப்படி குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் மூன்றாண்டு சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தை இப்படிச் செலவிட வேண்டும். நிகர லாபம் 5 கோடி ரூபாயைத் தொட்டாலே அந்தக் கடமை வந்துவிடும். அந்தப் பணத்தை வாங்கி வேலை செய்யும் அமைப்பு, கம்பெனி விவகாரத் துறையில் சிஎஸ்ஆர்-1 படிவத்தின் வழியே பதிந்திருக்க வேண்டும். நேற்றுத் தொடங்கிய ஊர்க் குழுவால் அது உடனே ஆகாது.

இழப்பு என்னவென்றால், ஊர்க்காரர்கள் பார்வையாளர்கள் ஆகிவிடுவார்கள். தொடக்க விழாவுக்கு வருவார்கள், கைதட்டுவார்கள். குழாய் உடைந்தால் 'அவர்கள் கட்டியது, அவர்களிடம் சொல்லுங்கள்' என்பார்கள். நிதி தருபவர் முதலாண்டுச் செலவைத் தருவார். நான்காம் ஆண்டில் கழிப்பிடம் கழுவுவதற்கு யாரும் பெயர்ப்பலகை கேட்பதில்லை. முதலாளி ஒருவர் தன் கம்பெனியிலிருந்து பத்துப் பேரை அனுப்பிவைப்பதும் உண்டு. சம்பளத்தோடு அனுப்பினால் அவர்களை நல்ல கூலியாட்களாக எண்ணி வேலை வாங்குங்கள்; சம்பளமில்லாமல் அனுப்பினால் மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

மாணவர்கள் கதை சுருக்கமானது. 1969இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஒரு மாணவர் இரண்டாண்டில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். ஏழு நாள் சிறப்பு முகாமும் உண்டு. கல்லூரிகள் நிறைந்த இந்த மண்டலத்தில் ஐம்பது பிள்ளைகளை ஒரு வாரத்துக்குப் பெறுவது கடினமில்லை. அவர்களைக் குப்பை பொறுக்க விடுவது வீண். ஒரு சந்தை நாள் முழுக்க அவர்களைக் கையில் தாளோடு நிறுத்துங்கள்: எத்தனை கடை, யார் எந்த ஊர், வெயிலில் உட்காருபவர் யார், பெண் வியாபாரிகள் கழிப்பிடத்துக்கு எங்கே போகிறார்கள். கட்டட வரைபடத்துக்குமுன் தேவைப்படும் கணக்கு அது. அதற்குமேல் அவர்களை நம்பித் திட்டம் போட வேண்டாம். ஏப்ரலிலும் நவம்பரிலும் தேர்வு வந்துவிடும்.

வேலைக் குழு

தண்ணீருக்கு ஒரு குழு. கருவிகளுக்கும் களஞ்சிய அறைக்கும் ஒரு குழு. கடைக்காரர்களோடு பேச ஒரு குழு. பேரூராட்சி, மின்வாரியம், வட்டாட்சியர் அலுவலகம் என்று நடக்க ஒரு குழு. கட்டுமானத்தைப் பக்கத்தில் நின்று பார்க்க, சிமென்ட் கலவையை எண்ண, ஒரு குழு. கணக்குக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் நான்கு முதல் ஏழு பேர். ஒரு பொறுப்பாளர், அவர் இல்லாதபோது நிற்க இன்னொருவர். ஒரு குழுவில் ஒரே வீதிக்காரர்கள் இருவருக்கு மேல் கூடாது என்று முதல் கூட்டத்திலேயே எழுதிவிடுங்கள். மற்ற விதிகளில் விட்டுக்கொடுத்தாலும் இதில் கொடுக்காதீர்கள்.

தண்ணீர்க் குழுவை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அறுபது கன்று நடுகிறீர்கள். கன்றுக்குப் பத்து லிட்டர் என்றால் ஒரு தடவைக்கு 600 லிட்டர். கிணற்றிலிருந்து சுமந்தால் நாற்பது குடம். கோடையில் வாரத்துக்கு இரண்டு தடவை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருக்கும் நமக்கு வடகிழக்குப் பருவமழைதான் கை கொடுக்கிறது. ஐப்பசி மழைக்கு ஒட்டி நட்டால் முதல் சில மாதம் கவலையில்லை. சோதனை மாசி பின்பாதியில் தொடங்கும். பங்குனி, சித்திரையில் மாரியம்மன் நோம்பிகள் வரிசையாக வரும். ஊர் முழுக்க அதில் இருக்கும். அதே சமயம் கல்லூரித் தேர்வு. வெயிலுக்குப் பயந்து ஞாயிறு கூட்டமும் கரைந்துவிடும். கன்றுக்கு அதிகம் தண்ணீர் வேண்டிய மாதங்களில்தான் மற்ற எல்லா முறைகளும் ஒரே நேரத்தில் கைவிடுகின்றன. ஏழு பேர் கொண்ட குழு மட்டும் தங்களுக்குள் நாள் மாற்றிக்கொண்டு, நோம்பிக்கு நடுவிலும் இரண்டு பேர் போய் ஊற்றிவிட்டு வரும். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் காற்றுக்குக் கன்றுகளுக்கு முட்டுக் கொடுப்பதும் அவர்கள் நினைவில் இருக்கும்.

2015இல் தொடங்கிய வனத்துக்குள் திருப்பூர் என்ற மரம் நடும் திட்டத்தில் கற்க வேண்டியதும் இதைத்தான் என்று நினைக்கிறேன். நடுவதற்கு ஆள் தேடுவதோடு நிற்காமல், இடம் கொடுப்பவரிடம் தண்ணீருக்கும் வேலிக்கும் வழி கேட்டார்கள். பொறுப்பாளி இல்லாத இடத்தில் கன்றை வைக்காததால்தான் அங்கே மரங்கள் நிற்கின்றன.

இந்த முறையின் இன்னொரு நன்மை நேரம். ஞாயிறு காலை எல்லோருக்கும் பொதுவான நேரம் என்பது பொய். ஓய்வுபெற்றவர்கள் வாரநாளில் பதினோரு மணிக்குச் செயல் அலுவலரைப் பார்க்கப் போக முடியும், மற்றவர்களால் முடியாது. பகல் ஷிப்ட் தறிக்காரர் இரவு எட்டரைக்குக் கருவிகளை எண்ணிப் பூட்டலாம். வீட்டு வேலை முடிந்த பெண்களுக்குப் பகல் பதினொன்றிலிருந்து மூன்று வரை நேரம் கிடைக்கும். மகளிர் சுய உதவிக் குழுவில் கணக்கு எழுதிப் பழகியவர்கள் அவர்கள். கணக்குக் குழுவை அவர்களிடம் கொடுங்கள், தேநீர் வேலையைக் கொடுக்காதீர்கள். எதிரில் பூ விற்கும் அம்மணி நாள் முழுக்க அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். கழிப்பிடத்துச் சாவியை வைத்துக்கொள்ள அவரைவிடப் பொருத்தமானவர் யார்?

குறைகளும் இருக்கின்றன, சிறியவை அல்ல. தொடங்குவது மெதுவாக இருக்கும். முதல் மாதத்தில் படம் போட ஒன்றுமிருக்காது; ஊரில் 'என்னப்பா, பேச்சோடு நின்றுவிட்டதா?' என்பார்கள். பொறுப்பாளர் சில மாதத்தில் உரிமையாளர் போலாகிவிடுவார். தண்ணீர்க் குழாயை அவர் அனுமதியில்லாமல் திறக்க முடியாத நிலை வரும். ஒரு குழுவுக்கு மற்றது என்ன செய்கிறது என்று தெரியாது: கட்டுமானக் குழு பள்ளம் தோண்டும் இடத்தில்தான் போன வாரம் தண்ணீர்க் குழு புங்கன் நட்டிருக்கும்.

முதல் குறைக்கு மருந்து ஞாயிறு அழைப்பு. ஆண்டில் மூன்றே மூன்று நாள் ஊரையே கூப்பிடுங்கள்: இயந்திரம் முள்ளை எடுத்து முடித்தபின் ஒருநாள், நடும் நாள், முதல் சந்தை கூடும் நாளுக்கு முந்தைய நாள். அன்றைக்கு யார் எங்கே நிற்க வேண்டும் என்பதை வேலைக் குழுக்கள் ஏற்கனவே பிரித்து வைத்திருக்கும். இரண்டாவதற்குப் பதவிக்காலம்: ஆறு மாதம், அதன்பின் கட்டாயம் மாற்றம். மூன்றாவதற்கு ஒரு சம்பள ஆள். அரைநாள் வேலை, மாதச் சம்பளம். எல்லாக் குழுக்களுக்கும் நடுவில் ஓடுவதுதான் வேலை. கொத்தனாருக்குக் கேட்ட கூலி கொடுக்கும் ஊர், 'ஊர் வேலைக்குச் சம்பளமா?' என்று இங்கே முகம் சுளிக்கும். சுளிக்கட்டும். யார் யாரை எப்போது பார்க்க வேண்டும் என்று நினைவு வைத்திருப்பதும் ஒரு தொழில்தான். இளைஞர் ஒருவருக்கோ, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வரக்கூடிய பெண் ஒருவருக்கோ அந்த வேலையைக் கொடுக்கலாம்.

சங்கம் பதிவது எப்போது

சிலர் முதல் நாளே சங்கம் பதிந்துவிட வேண்டும் என்பார்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி ஏழு பேர் சேர்ந்தால் பதியலாம். ஆனால் பதிந்தவுடன் தலைவர், செயலாளர், பொருளாளர் என்ற மூன்று நாற்காலி வந்துவிடும்; ஊரின் பழைய போட்டிகள் எல்லாம் அந்த நாற்காலிகளைச் சுற்றிக்கொள்ளும். ஒரு பருவம் வேலை நடந்தபின், யார் உண்மையில் நிற்கிறார்கள் என்று தெரிந்தபின் பதிவது நல்லது என்பேன்.

தள்ளிப்போடவும் எல்லை உண்டு. அரசின் நமக்கு நாமே திட்டத்தில் பணிக்கான மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கைப் பொதுமக்கள் கொடுத்தால் மீதியை அரசு தரும். அதற்கு ஊரில் வசூலிக்கும் தொகை தனியார் ஒருவரின் சேமிப்புக் கணக்கில் கிடக்கக் கூடாது. நன்கொடையாளருக்கு வருமானவரிச் சலுகை வேண்டுமென்றால் பதிவும் வருமானவரித் துறையின் ஒப்புதலும் இல்லாமல் முடியாது. வசூல் தொடங்கும் நாளைத் தீர்மானியுங்கள். அதற்கு மூன்று மாதம் முன் பதிவு வேலையைத் தொடங்கினால் சரியாக இருக்கும். நிர்வாகக் குழுவில் வேலைக் குழுப் பொறுப்பாளர்களே பெரும்பான்மையாக இருக்கட்டும். மண்ணில் நிற்காதவர் கையெழுத்துப் போடும் இடத்தில் உட்கார்ந்தால் மற்றவர்களுக்கு உற்சாகம் போய்விடும்.

நகர உள்ளாட்சிகளில் 2022 நவம்பர் 1 உள்ளாட்சி நாளிலிருந்து கூட்டத் தொடங்கிய, வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைகளையும் விட்டுவிட வேண்டாம். உங்கள் வார்டில் அது கூடும் நாளில் சந்தைப்பேட்டையைப் பொருளாக வைத்து, வேலைக் குழுக்களின் பெயர்ப்பட்டியலை அங்கே வாசியுங்கள். கவுன்சிலருக்குத் தன் பங்கு இருப்பதாகத் தோன்ற வேண்டும். தேர்தல் வந்தால் எல்லாம் அவர் பங்காக மாறிவிடவும் கூடாது. பட்டியல் பலர்முன் வாசிக்கப்பட்டிருந்தால் இரண்டாவது ஆபத்து குறையும்.

எப்போது என் முடிவு பொருந்தாது

ஓடையில் சேர்ந்த பிளாஸ்டிக்கை வாருவது போல ஒரே வார வேலை என்றால் குழுவெல்லாம் வேண்டாம். ஞாயிறு அழைப்பே போதும். நூறு வீடுகூட இல்லாத குக்கிராமத்தில், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும் என்ற இடத்தில், ஆறு குழுக்கள் அமைத்தால் எல்லாவற்றிலும் அதே ஐந்து பேர் இருப்பார்கள். அங்கே ஒரே குழு, வேலைப்பட்டியல் ஒன்று, அவ்வளவுதான். இடம் பேரூராட்சிக்குச் சொந்தமில்லாமல் வழக்கில் இருந்தால், எந்த முறையிலும் ஆள் சேர்க்காதீர்கள்; அலுவலகங்களுக்கு நடக்கும் குழு மட்டும் முதலில் போகட்டும்.

மற்றபடி, வரைபடத்தில் வரைந்த ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு குழுவின் பெயர் எழுதிப் பாருங்கள். கழிப்பிடத்துக்குக் குழு அமையவில்லை என்றால் ஆள் வைத்துக் கூலி கொடுக்கத் தொகை ஒதுக்குங்கள். அதைத் தவிர்க்க முடியாது. விளையாட்டுக் கருவிகளைப் பார்த்துக்கொள்ள யாரும் முன்வரவில்லை என்றால் ஊஞ்சலும் சறுக்குமரமும் இந்த ஆண்டு வாங்க வேண்டாம். ஆணி கழன்ற ஊஞ்சலைவிட வெறும் தரை மேல். பிள்ளைகள் அங்கே கிரிக்கெட் ஆடிக்கொள்வார்கள்.